மென்பொருள் வேலையை வெளிநாட்டுக் குழுவிடம் கொடுத்தல்: மலையிலிருந்து தொழில் நடத்துவோர் கேட்கும் கேள்விகள்

கோத்தகிரியில் நால்வர் சேர்ந்து நடத்தும் சிறு நிறுவனம் எங்களுடையது. ஹட்டிகளில் (படுகர் ஊர்களில்) உள்ள பசுந்தேயிலைக் கொள்முதல் நிலையங்களில் எடையைப் பதிந்து, சீட்டு அச்சிட்டு, மாதக் கணக்கைத் தொழிற்சாலைக்கு அனுப்பும் செயலியைச் செய்து விற்கிறோம். அதன் நிரலை எழுதுவது வியட்நாமின் டா நாங் நகரில் உள்ள ஐந்து பேர் கொண்ட குழு. குன்னூர், ஊட்டி, கூடலூர், கொடைக்கானல் பக்கங்களில் சொந்தமாக ஏதேனும் தொடங்க நினைக்கும் இளைஞர்கள் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் எங்கள் விடைகளையும் இங்கே எழுதி வைக்கிறோம்.

உலகத்துக்கே மென்பொருள் எழுதிக் கொடுக்கும் நாட்டில் இருந்துகொண்டு, வேலையை வெளிநாட்டுக்குக் கொடுப்பானேன்? கோயம்புத்தூரில் ஆள் இல்லையா?

ஆள் தாராளமாக இருக்கிறது. முதலில் கோயம்புத்தூரில்தான் தேடினோம். பெரிய நிறுவனங்களுக்கு எங்கள் வேலை மிகச் சிறியது. சிறிய நிறுவனங்களோ, வேலையைக் கற்றுக்கொண்ட ஆள் எட்டாம் மாதம் பெங்களூருக்குப் போய்விட, அடுத்தவரை வைத்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்கின. இரண்டு முறை இப்படி நடந்தபின், புளூடூத் வழியாக எடைத் தராசைக் கைப்பேசியுடன் இணைப்பதில் பழக்கமுள்ள ஒரு சிறு குழு டா நாங்கில் இருப்பதாக நண்பர் ஒருவர் சொன்னார். எங்களுக்கு அமைந்தது அவ்வளவுதான். பக்கத்திலேயே நிலையான ஆட்கள் கிடைத்தால் கடல் தாண்ட வேண்டாம் என்பதுதான் இன்றும் எங்கள் கருத்து. வெளிநாட்டுக் குழு வைத்திருப்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்பவர்களைப் பார்த்தால் எங்களுக்குச் சிறிது வியப்பாகவே இருக்கிறது.

பணமாவது மிச்சமாகுமா?

நீங்கள் நினைக்கும் அளவுக்கு ஆகாது. அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இருக்கும் நிறுவனம் ஆசியாவுக்கு வேலையை அனுப்பினால் சம்பள வித்தியாசம் பெரிது. தமிழ்நாட்டிலிருந்து அனுப்புபவருக்கு அந்த ஆதாயம் ஏறக்குறைய இல்லை. டாலர் விலை ஏறும்போதெல்லாம் மாதச் செலவு தானாகக் கூடும். இதோடு, கீழே சொல்லப்போகும் வரிச் செலவும், எல்லாவற்றையும் எழுதி விளக்குவதற்கு நீங்கள் செலவிடும் நேரமும் சேரும். முதல் ஆறு மாதங்களில் எங்களில் ஒருவர் வேறு எந்த வேலையும் பார்க்கவில்லை. காலை முதல் மாலை வரை குழுவின் கேள்விகளுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய சம்பளத்தையும் மென்பொருள் செலவில் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மையான தொகை தெரியும்.

எந்த வேலையை வெளியே கொடுக்கலாம்? எதைக் கொடுக்கக் கூடாது?

திரைகளை வரைவது, நிரல் எழுதுவது, சோதிப்பது, சர்வரைப் பராமரிப்பது ஆகிய எல்லாவற்றையும் கொடுக்கலாம். கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பதைத் தீர்மானிக்கும் வேலையை மட்டும் கொடுக்கக் கூடாது. அந்த விதிகள் உங்கள் கைப்பட எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. மழை நாளில் இரண்டு சாக்குக் கொழுந்து 47.6 கிலோ நிற்கிறது. சாக்குக்கு அரைக் கிலோ வீதம் ஒரு கிலோவைக் கழித்தால் 46.6, ஈரத்துக்காக நூற்றுக்கு ஐந்து கழித்தால் 44.27. எங்கள் குழு ஈரக் கழிவை முதலில் போட்டுச் சாக்கு எடையைப் பின்னால் கழித்தது, வந்தது 44.22. வித்தியாசம் 50 கிராம். நிரல் எழுதியவரைக் குறை சொல்ல முடியாது, ஏனென்றால் நாங்கள் எழுதிக் கொடுத்த குறிப்பில் 'சாக்கும் ஈரமும் கழிக்க வேண்டும்' என்று மட்டுமே இருந்தது. எது முன், எது பின் என்று எங்கும் சொல்லவில்லை. சாக்கில் இருக்கும் நீரை இலையின் நீராகக் கணக்கிடக் கூடாது என்பது கொள்முதல் நிலையத்தில் எடை போடும் எவருக்கும் தெரியும்; தெரிந்த காரணத்தாலேயே யாரும் அதை எழுதி வைப்பதில்லை. 50 கிராம் தானே என்று விட்டுவிடவும் முடியாது. எடைச் சீட்டில் ஓர் எண்ணும் கைப்பேரேட்டில் வேறோர் எண்ணும் இருந்தால், மறுநாள் காலையில் அந்த ஊரில் உங்கள் செயலியைத் தொட ஆள் இருக்காது. கழிவு குறித்து விவசாயிகளுக்கு ஏற்கெனவே மனக்குறை இருக்கும் தொழில் இது.

அதற்குப்பின் விதி ஒவ்வொன்றையும் எண் போட்டு எழுதி, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது மூன்று கணக்கு எடுத்துக்காட்டுகளைக் கையால் போட்டுச் சேர்த்து அனுப்புகிறோம். ஆங்கில வாக்கியத்தை இரண்டு பக்கமும் தவறாகப் புரிந்துகொள்ளலாம், 44.27 என்ற எண்ணை அப்படிப் புரிந்துகொள்ள வழியில்லை. வியட்நாமியருக்கும் ஆங்கிலம் கற்ற மொழியே, நமக்கும் கற்ற மொழியே என்பதை நினைவில் வையுங்கள்.

நேர வித்தியாசம் ஒன்றரை மணி நேரம் தானே? அதில் என்ன சிக்கல் வரப்போகிறது?

நாங்களும் அப்படித்தான் எண்ணினோம். வியட்நாம் நமக்கு ஒன்றரை மணி நேரம் முந்தியது. அவர்கள் மாலை ஆறு மணிக்கு வேலை முடித்துக் கிளம்பும்போது இங்கே நாலரை மணி. தோட்டங்களிலிருந்து கொழுந்து வந்து இறங்கி எடைக்கு நிற்கத் தொடங்கும் நேரம் அது. செயலியில் எது உடைந்தாலும் அந்த நேரத்தில்தான் உடையும், சரிசெய்ய வேண்டியவரோ அப்போது வீட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார். ஆகவே வித்தியாசம் எத்தனை மணி நேரம் என்று பார்ப்பதைவிட, உங்கள் தொழிலின் நெருக்கடி நேரம் அவர்களுடைய நாளில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். எங்கள் ஒப்பந்தத்தில் இப்போது ஒருவர் மட்டும் அவர்கள் நேரப்படி பிற்பகலில் தொடங்கி இரவு பத்து மணி வரை இருக்கிறார்.

இதைவிடப் பெரிய பாடம் ஒரு மே மாதக் கடைசி நாளில் கிடைத்தது. ஏப்ரல் முதல் ஜூன் வரை கொழுந்து வரத்து அதிகம். அன்று சாலையில் மரம் விழுந்து வண்டி தாமதமானதால், ஒரு ஹட்டியில் எடை போட்டு முடிக்கவே இரவு பதினொன்றைத் தாண்டிவிட்டது. சில நாட்கள் கழித்துப் பெரியவர் ஒருவர், சட்டைப்பையில் நான்காக மடித்து வைத்திருந்த சீட்டை எடுத்துக் காட்டினார். சீட்டில் தேதி மே 31. தொழிற்சாலைக் கணக்கில் ஜூன் 1. தேயிலை வாரியம் பசுந்தேயிலைக்கு மாதந்தோறும் விலை அறிவிப்பதால், ஒரு நாள் தள்ளிப் பதிவானால் வேறு மாத விலை விழுந்துவிடும். தேடிப் பார்த்தபோது, இரவு 10.30க்கு மேல் போட்ட எடைகள் எல்லாமே மறுநாள் கணக்கில் ஏறியிருந்தன. சர்வரின் நேர மண்டலத்தை அமைத்தவர் தம் வழக்கப்படி ஹோ சி மின் நகர நேரத்தை வைத்துவிட்டார். நமக்கு இரவு 10.30 என்றால் அங்கே நள்ளிரவு பன்னிரண்டு. பகலில் மட்டும் சோதித்துப் பார்த்த நாங்கள் இதை ஒருபோதும் கண்டிருக்க முடியாது.

இப்போது நேரம் முழுவதும் உலகப் பொது நேரமான யுடிசியில் சேமிக்கப்பட்டு, காட்டும்போது இந்திய நேரமாக மாற்றப்படுகிறது. அதோடு 'கொள்முதல் நாள்' என்று தனியாக ஒரு கட்டமும் வைத்திருக்கிறோம். கடைசி வண்டியின் எடை நள்ளிரவுக்குப் பின் முடிந்தாலும் அதை அன்றைய கொள்முதலாகவே வைக்க வேண்டும் என்பது தொழிற்சாலைகளின் வழக்கம். கடிகாரம் சொல்லும் தேதியும் கணக்கின் தேதியும் இரு வேறு செய்திகள் என்பதை அன்றுதான் நாங்களும் புரிந்துகொண்டோம்.

தமிழே தெரியாதவர்கள் தமிழ்ச் செயலியை எப்படி எழுதுகிறார்கள்?

எழுத்துகளைப் படமாகப் பார்த்துத்தான். பிழை கண்ணுக்குத் தெரியாது என்பதே இதில் உள்ள ஆபத்து. 'கொழுந்து' என்ற சொல்லில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றதை எங்களில் ஒருவர் பார்த்தவுடன் சொல்லிவிட்டார். அவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன.

தேடலில் வந்த சிக்கல் இதைவிட நுட்பமானது. 'சோலூர்மட்டம்' என்று தேடினால் பாதி விவசாயிகள் வந்தனர், மீதிப் பேரைக் காணவில்லை. யூனிகோடில் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம். ஏகாரக் குறி, கால் என இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். வெவ்வேறு கீபோர்டுகளில் தட்டிய பெயர்கள் திரையில் ஒரே மாதிரி தோன்றினாலும், கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். சேமிக்கும் முன் எல்லாப் பெயர்களையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் 'நார்மலைசேஷன்' என்ற படியைச் சேர்த்ததும் அது தீர்ந்தது. தமிழில் எந்தச் செயலி செய்தாலும் முதல் வாரத்திலேயே இதைக் கேட்டு வாங்குங்கள்.

சீட்டு அச்சிடும் 58 மில்லிமீட்டர் தெர்மல் பிரிண்டர்களில் பெரும்பாலானவற்றுக்குத் தமிழ் எழுத்துரு கிடையாது. வரியைப் படமாக்கி அனுப்ப வேண்டும். அதேபோல, பெயர்ப் படிவத்தில் குடும்பப் பெயரைக் கட்டாயமாக்காதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நம் பக்கம் இருப்பது இனிஷியல். ஒரே ஹட்டியில் ஒரே இனிஷியலோடு மூன்று போஜன்கள் இருப்பார்கள்; ஊரார் அவர்களைப் பிரித்தறிவது வீட்டுப் பெயராலோ பட்டப்பெயராலோதான். அதற்கென்று ஒரு கட்டம் வேண்டும் என்பதை டா நாங்கில் இருப்பவர் எப்படி ஊகிப்பார்?

மலையில் சிக்னல் விட்டு விட்டு வருகிறதே, இதை அவர்களுக்குப் புரியவைக்க முடிந்ததா?

சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. ஒப்பந்தத்தில் ஒரு சோதனையாக எழுதியபின்தான் நடந்தது: கைப்பேசியை விமானப் பயன்முறையில் வைத்து இருநூறு எடைகளைப் போட வேண்டும், நடுவில் ஒரு முறை பேட்டரியைத் தீர விட வேண்டும், பிறகு இணையத்தை இணைத்தால் இருநூறும் ஒருமுறை மட்டுமே சர்வரில் ஏறியிருக்க வேண்டும். இதில் தேறாத எந்தப் பதிப்புக்கும் பணம் இல்லை. ஒரே எடை இரண்டு முறை ஏறுவதுதான் இங்கே வழக்கமாக வரும் பிழை. ஒவ்வோர் எடைக்கும் கைப்பேசியிலேயே ஒரு தனி அடையாள எண்ணை உருவாக்கிவிட்டால் அது வராது.

நிரல் யாருக்குச் சொந்தம்? பணம் கொடுத்தவர் நாம்தானே?

பணம் கொடுத்ததாலேயே சொந்தமாகிவிடாது. இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதை மட்டும் படித்துவிடுங்கள்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, கணினி நிரலை இலக்கியப் படைப்பாகக் கருதுகிறது. சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஊழியர் எழுதினால், வேறு உடன்பாடு இல்லாதபோது, உரிமை நிறுவனத்துக்கு. வெளியாள் எழுதினால் உரிமை எழுதியவருக்கே. அதை எழுத்தில், கையொப்பத்தோடு உங்களுக்கு மாற்றித் தர வேண்டும். அந்த மாற்று ஆவணத்தில் பலரும் கோட்டைவிடும் மூன்று இடங்கள் 19ஆம் பிரிவில் இருக்கின்றன. காலம் குறிப்பிடப்படாவிட்டால் உரிமை ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே வந்ததாகக் கொள்ளப்படும். நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று கொள்ளப்படும். பெற்ற உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஆவணத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலொழிய, அது காலாவதியாகும். ஆகவே 'முழுக் காலத்துக்கும், உலகம் முழுவதற்கும், பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும்' என்ற பொருளில் தெளிவாக எழுதி வாங்குங்கள். குழுவில் உள்ள நிரலாளர்கள் தங்கள் உரிமையை அந்தக் குழுவின் நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார்களா என்பதையும் கேளுங்கள். அவர்களிடமே இல்லாததை அவர்கள் உங்களுக்குத் தர முடியாது.

காகிதத்தில் உரிமை இருந்தாலும் சாவி கையில் இல்லாவிட்டால் பயனில்லை. டா நாங் குழுவுக்கு முன் வேறொரு நாட்டுக் குழுவிடம் ஓராண்டு வேலை வாங்கினோம். அவர்கள் செயலியைத் தங்கள் கூகுள் பிளே கணக்கிலேயே ஏற்றினார்கள். சர்வரும் அவர்கள் பெயரில், எழுதிய நிரல் முழுவதையும் சேமித்து வைக்கும் களஞ்சியமும் அவர்கள் பெயரில். கடைசித் தவணையில் தகராறு வந்தபோது, நாற்பதுக்கும் மேற்பட்ட கைப்பேசிகளில் ஓடிக்கொண்டிருந்த எங்கள் செயலிக்கு ஒரு திருத்தம்கூட எங்களால் வெளியிட முடியவில்லை. ஆண்ட்ராய்டில் பழைய செயலியின் மேல் புதிய பதிப்பு ஏற வேண்டுமானால் அதே கையொப்பச் சாவியால் (வெளியிடுபவரிடம் இருக்கும் ரகசியக் கோப்பு அது) கையொப்பமிடப்பட்டிருக்க வேண்டும். சாவி எங்களிடம் இல்லாததால், வேறு பெயரில் புதிய செயலி செய்து, ஒவ்வொரு கொள்முதல் நிலையமாக ஜீப்பில் போய்ப் பழையதை நீக்கிப் புதியதை நிறுவினோம். அதற்குப் பன்னிரண்டு நாட்கள் ஆயின.

கூகுள் பிளே கணக்குக்கு ஒருமுறைக் கட்டணம் 25 டாலர். ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 டாலர். இந்தத் தொகைக்கு யோசிக்காதீர்கள். கணக்கு, சர்வர், டொமைன், களஞ்சியம் ஆகிய நான்கும் உங்கள் பெயரில், உங்கள் நிறுவன மின்னஞ்சலில், உங்கள் கார்டில் இருக்கட்டும். குழுவுக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். ஒவ்வொரு நாள் வேலையும் அன்று மாலையே களஞ்சியத்தில் ஏற வேண்டும் என்பதும் விதியாக இருக்கட்டும். மாதத்துக்கு ஒருமுறை, அந்தக் களஞ்சியத்திலிருந்து செயலியை உங்கள் கணினியிலேயே உருவாக்க முடிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மொத்தத் தொகை பேசுவதா, மாதச் சம்பளம்போல் கொடுப்பதா?

என்ன வேண்டும் என்று துல்லியமாகத் தெரிந்தால் மொத்தத் தொகை. தெரியாவிட்டால் மாதக் கணக்கு. புதிதாகத் தொழில் தொடங்குபவருக்குத் துல்லியமாகத் தெரியாது. மொத்தத் தொகையில் ஒப்பந்தம் போட்டுவிட்டு வாரந்தோறும் மனம் மாறினால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் பேரம் பேசியே உறவு கெட்டுப்போகும். நாங்கள் முதலில் இரண்டு வார வேலை ஒன்றைக் கொடுத்து, முழுப் பணமும் தந்து, அதை மட்டும் பார்த்தோம். தராசிலிருந்து எடையைப் படித்துத் திரையில் காட்ட வேண்டும், வேறு ஒன்றும் இல்லை. மூன்று குழுக்களிடம் இதே வேலையைக் கொடுத்ததில், தராசின் எண் நிலைபெறும் வரை காத்திருக்க வேண்டுமா என்று திருப்பிக் கேட்டது ஒரு குழு மட்டுமே. அவர்களுக்கே வேலையைக் கொடுத்தோம்.

பணத்தை எப்படி அனுப்புவது? வரி எவ்வளவு?

நல்ல ஆடிட்டர் ஒருவரை முதல் தவணைக்கு முன்பே பாருங்கள். நாங்கள் கற்றுக்கொண்டவை இவை.

முதலாவது, வருமான வரி. வெளிநாட்டுக் குழுவுக்குக் கொடுக்கும் தொகை பெரும்பாலும் தொழில்நுட்பச் சேவைக் கட்டணமாகக் கொள்ளப்படுவதால், அனுப்பும் முன்பே நீங்கள் வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது 195ஆம் பிரிவு. 2026 ஏப்ரல் 1 முதல் அதன் இடத்தில் நிற்கும் 2025ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிரிவு எண்கள் வேறு. உள்நாட்டுச் சட்டப்படி விகிதம் 20 விழுக்காடும் அதன்மேல் கூடுதல் வரிகளும். இந்தியா–வியட்நாம் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தப்படி 10 விழுக்காடு. குறைந்த விகிதம் வேண்டுமானால், குழு தன் நாட்டு வரித்துறையிடமிருந்து வசிப்பிடச் சான்றிதழ் வாங்கித் தர வேண்டும். அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும் என்பதால் முன்பே கேட்டுவிடுங்கள்.

'எங்கள் கைக்கு 4,000 டாலர் வர வேண்டும், வரி உங்கள் பொறுப்பு' என்று ஒரு வாக்கியம் குழுவுடனான ஒப்பந்தத்தில் இருந்தால், 10 விழுக்காட்டில்கூட உங்கள் செலவு 4,444 டாலர் ஆகிவிடும். அந்த வாக்கியத்தைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டவர்களில் நாங்களும் உண்டு.

இரண்டாவது, ஜிஎஸ்டி. வெளிநாட்டிலிருந்து சேவை வாங்கினால், விற்றவருக்குப் பதிலாக வாங்கியவரே வரி கட்ட வேண்டும். விகிதம் 18 விழுக்காடு. 'எங்கள் விற்பனை 20 லட்சத்தைத் தாண்டவில்லையே' என்று பலர் சொல்கிறார்கள். இப்படி வாங்கியவர் கட்டும் முறையில் வரி கட்ட வேண்டியவருக்கு அந்த வரம்பு கிடையாது, பதிவு கட்டாயம். மூன்று லட்ச ரூபாய்க்கு வேலை வாங்கினால் 54,000 ரூபாயைப் பணமாகவே கட்ட வேண்டும், கையிருப்பில் உள்ள உள்ளீட்டு வரியிலிருந்து (வாங்கிய பொருள்களுக்கு ஏற்கெனவே கட்டிய ஜிஎஸ்டி வரவிலிருந்து) ஈடுகட்ட முடியாது. கட்டியபின் அதை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம் என்றாலும், விற்பனையே தொடங்காத நிறுவனத்துக்கு அது பேரேட்டில் கிடக்கும் பணம்தான். முதல் ஆண்டின் பணத்தட்டுப்பாட்டுக்கு இதுவும் ஒரு காரணம் என்பதை யாரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

விவசாயிகளின் விவரங்களை அவர்களுக்குக் கொடுக்கலாமா?

கொடுக்காமல் இருப்பதே நல்லது. பெயர், கைப்பேசி எண், வங்கிக் கணக்கு எல்லாம் எங்களிடம் இருக்கின்றன. 2023ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, வேலையை யாரிடம் கொடுத்தாலும் பொறுப்பு தரவைத் திரட்டியவருடையதே. தக்க பாதுகாப்பு வைக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அரசு தடைசெய்யும் நாடுகளைத் தவிர மற்ற நாடுகளுக்குத் தரவை அனுப்ப அந்தச் சட்டம் இடம் தருகிறது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. நாங்கள் அவகாசத்துக்குக் காத்திருக்கவில்லை. குழுவுக்குக் கொடுப்பது கற்பனைப் பெயர்களும் கற்பனை எண்களும் கொண்ட மாதிரித் தரவு. உண்மைச் சர்வரின் கடவுச்சொல் கோத்தகிரியில் இருவரிடம் மட்டுமே உண்டு. இணையத் தாக்குதல் நேர்ந்தால் ஆறு மணி நேரத்துக்குள் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற 2022ஆம் ஆண்டு உத்தரவையும் ஒப்பந்தத்தில் சேர்த்து, சந்தேகம் எழுந்த உடனேயே எங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று எழுதியிருக்கிறோம்.

விடுமுறைகள் இடிக்காதா?

இடிக்கும். வியட்நாமியப் புத்தாண்டான டெட் ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடையில் வருகிறது. ஒரு வாரத்துக்கு மேல் ஒருவரும் கிடைக்கமாட்டார்கள். ஏப்ரல் 30, மே 1 இரண்டும் அங்கே தொடர் விடுமுறை. எங்களுக்கோ மாதக் கணக்கு முடிக்கும் நாள். விடுமுறையைவிட மழைதான் பெரிய தொல்லை. வடகிழக்குப் பருவமழையில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மண்சரிந்து மின்சாரம் போகும் அக்டோபர், நவம்பர் மாதங்களில்தான் மத்திய வியட்நாமிலும் புயலும் வெள்ளமும் வருகின்றன. இரு பக்கமும் ஒரே வாரத்தில் இருண்டுபோன அனுபவம் எங்களுக்கு உண்டு. அந்த இரண்டு மாதங்களில் புதிய பதிப்பு எதையும் வெளியிடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.

நேரில் பார்க்க வேண்டுமா? வீடியோ அழைப்பு போதாதா?

ஒருமுறையாவது அவர்களை இங்கே வரவழையுங்கள். இருவருக்கு விசாவும், கோயம்புத்தூரிலிருந்து வர வண்டிக்கு இ-பாஸும் எடுத்து அழைத்து வந்தோம். மாலையில் ஒரு ஹட்டியின் கொள்முதல் நிலையத்தில் நிறுத்தினோம். தூறல். எடை போடுபவர் கைப்பேசியைப் பாலித்தீன் உறைக்குள் வைத்துக்கொண்டு, ஈர விரலால் 'சேமி' பொத்தானை நான்கு முறை அழுத்தினார். நான்காவது முறைதான் பதிந்தது. பின்னால் தலைச்சுமையோடு வரிசையில் நின்ற பெண்கள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். மொழி தெரியாவிட்டாலும் அந்தத் திட்டு அந்த இருவருக்கும் நன்றாகவே புரிந்தது. ஊருக்குத் திரும்பிய வாரத்திலேயே பொத்தான் திரையின் கீழ்ப்பாதி முழுவதையும் அடைத்துக்கொண்டு வந்தது; கைப்பேசியின் ஒலிப் பொத்தானை அழுத்தினாலும் சேமிக்கும் வசதியும் சேர்ந்து வந்தது. ஓராண்டாக நாங்கள் எழுதிக் கேட்டும் கிடைக்காதது அது.

வந்தவர்களில் ஒருவரின் குடும்பம் வியட்நாமில் தேயிலைக்குப் பேர்போன தாய் ஙுயென் மாகாணத்தைச் சேர்ந்தது. அவர் எங்கள் கொழுந்தைக் கையில் எடுத்து முறித்துப் பார்த்துவிட்டு, இது கத்தரியால் வெட்டியதா, கையால் கிள்ளியதா என்று கேட்டார். அதற்குப்பின் கழிவு விதிகளில் சந்தேகம் வந்தால் அவரிடமே நேரடியாகப் பேசுகிறோம்.

செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதும் காலத்தில் குழு எதற்கு?

எங்கள் குழுவும் அதைப் பயன்படுத்துகிறது. வேலை விரைவாக முடிகிறது. ஆனால் அதற்கும் சாக்கை முன்னால் கழிப்பதா, பின்னால் கழிப்பதா என்று நாம்தான் சொல்ல வேண்டும். எந்தக் கருவி எழுதினாலும் உரிமையும் பொறுப்பும் குழுவுடையது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்.

தகராறு வந்தால் எந்த நீதிமன்றம்?

நடுவர் மன்றம், சிங்கப்பூர், ஊட்டி நீதிமன்றம் என்று எதை வேண்டுமானாலும் எழுதலாம். எங்களைப் போன்றவர்களின் தொகைக்கு, வழக்குச் செலவே வழக்கின் மதிப்பைத் தாண்டிவிடும். இரு வாரத்துக்கு ஒருமுறை, முடிந்த வேலைக்கு மட்டும் பணம் கொடுத்தால், எந்த நாளிலும் இரு பக்கமும் இழக்கக்கூடியது இரண்டு வாரத் தொகைதான்.

உங்கள் ஒப்பந்தத்தின் நகலைத் தருவீர்களா?

பலர் கேட்டுவிட்டார்கள். முதல் ஆறு பக்கங்கள் எந்த வழக்கறிஞரும் எழுதித் தரக்கூடியவை. அதன்பின் வரும் இருபத்தொரு பக்க இணைப்பில் இருப்பவை சாக்கு எடை, ஈரக் கழிவு, கொள்முதல் நாள், மூன்று போஜன்களைப் பிரிக்கும் முறை போன்றவை. பூண்டு மண்டிக்கோ, தங்கும் விடுதிக்கோ, காப்பித் தோட்டத்துக்கோ செயலி செய்யப்போகும் உங்களுக்கு அந்தப் பக்கங்கள் உதவாது. உங்களுடையதை நீங்கள் எழுதத் தொடங்கியபின் வாருங்கள்; தேநீர் குடித்துக்கொண்டே உட்கார்ந்து சரிபார்க்கலாம்.